டிமென்ஷியா உள்ள அப்பாவின் முடிவுகளை யார் எடுப்பது?

ஈசூன் மகள் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 77 வயது. தொடக்கநிலை டிமென்ஷியா (மறதிநோய்) இருப்பதாகச் சென்ற ஆண்டு மருத்துவர்கள் கூறினார்கள். அம்மா காலமான பிறகு, சிங்கப்பூரின் ஈசூனில் அவருடைய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் நானும் அவரும் வசிக்கிறோம். நான் வேலைக்குச் செல்லும் நேரத்தில் பணிப்பெண் உடனிருக்கிறார். அப்பாவுக்குப் பெயர்களும் தேதிகளும் அடிக்கடி தவறிப்போகின்றன. மாத்திரை போட்டதை மறந்து மறுபடியும் கேட்கிறார். ஆனால் காலையில் தமிழ் முரசை வரி விடாமல் படித்துவிட்டு, அதில் வந்த செய்திகளைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறார்.

பட்டுக்கோட்டையில் இருக்கும் அத்தைக்கு அவர் மாதந்தோறும் 300 வெள்ளி அனுப்புகிறார். அத்தை கணவரை இழந்த நாளிலிருந்து இது நடக்கிறது. இப்போது அதை நிறுத்த வேண்டும் என்றும், அப்பாவின் வங்கி அட்டையைத் தான் வைத்துக்கொள்வதாகவும் அண்ணன் சொல்கிறார். வெள்ளிக்கிழமைகளில் அப்பா தனியாகப் பேருந்தில் சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போய்வருவதையும் அண்ணன் தடுக்கப் பார்க்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

சென்ற மாதம் ஒரு மருத்துவமனையில் அப்பாவின் கண்புரை அறுவை சிகிச்சை பற்றிப் பேசினார்கள். மருத்துவர் முழுக்க முழுக்க ஆங்கிலத்தில், அண்ணனைப் பார்த்தே பேசினார். அப்பா மடியில் கையைக் கோத்துக்கொண்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "என் கண்ணைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கலையே" என்றார்.

பின்னாளில் திறன் இழந்தால் தம் சார்பில் முடிவெடுக்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் ஆவணமான நீடித்த அதிகாரப் பத்திரம் எதுவும் நாங்கள் இதுவரை செய்யவில்லை. இந்த நிலையில் எந்த முடிவுகள் இன்னும் அப்பாவுடையவை? அவர் முடிவெடுக்க நாங்கள் எப்படி உதவ வேண்டும்? அனுபவமும் சட்ட அறிவும் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற மருத்துவ சமூகப் பணியாளர் எழுதுகிறார்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அத்தைக்குப் பணம், கோயில் பயணம், கண் சிகிச்சை ஆகிய மூன்று முடிவுகளுமே இன்னும் உங்கள் அப்பாவுடையவைதான்.

சிங்கப்பூரின் மனத்திறன் சட்டம் 2008இல் இயற்றப்பட்டு, 2010 மார்ச் மாதம் நடப்புக்கு வந்தது. அதன் மூன்றாம் பிரிவில் உள்ள கொள்கைகளை நான் பணியாற்றிய காலத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று நிறுவப்படும்வரை, அவருக்கு அது உண்டு என்றே கொள்ள வேண்டும். அவர் முடிவெடுப்பதற்கு உதவ, நடைமுறையில் இயன்ற எல்லா வழிகளையும் முயன்று, அவை பலனளிக்காதபோதுதான் அவரால் முடியாது என்ற பேச்சுக்கே இடமுண்டு. அவர் எடுக்கும் முடிவு மற்றவர்களுக்கு விவேகமற்றதாகத் தோன்றுவதால் மட்டும் அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அத்தைக்குப் பணம் அனுப்புவது வீண் என்று உங்கள் அண்ணன் நினைக்கலாம்; அது அண்ணனின் கருத்து. உடன்பிறந்தவளைக் கைவிடக்கூடாது என்பது உங்கள் அப்பா தம் வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்துவந்த ஒழுக்கம். நோய் வந்ததும் ஏற்பட்ட மாற்றமா அது? இல்லை. அத்தை கணவரை இழந்தபோது எடுத்த முடிவைத்தான் எழுபத்தேழு வயதிலும் எடுக்கிறார்.

சட்டம் ஒரு மனிதரை மொத்தமாக எடைபோட்டுத் திறன் உண்டு, இல்லை என்று தீர்ப்பளிப்பதில்லை. குறிப்பிட்ட ஒரு முடிவை, குறிப்பிட்ட ஒரு நேரத்தில் அவரால் எடுக்க முடிகிறதா என்பதே கேள்வி. அந்த முடிவுக்கு வேண்டிய விவரத்தைப் புரிந்துகொள்ள முடிகிறதா, முடிவெடுக்கும்வரை அதை மனத்தில் வைத்திருக்க முடிகிறதா, நன்மை தீமைகளைச் சீர்தூக்கிப் பார்க்க முடிகிறதா, முடிவைப் பேச்சாலோ சைகையாலோ வேறு எந்த வழியிலோ தெரிவிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டை விற்பதன் விளைவுகளைச் சீர்தூக்க முடியாத ஒருவரால், யாருடன் வசிக்க வேண்டும் என்பதையும், கண் சிகிச்சை வேண்டுமா என்பதையும் நன்றாகவே தீர்மானிக்க முடியலாம். நினைவாற்றல் சோதனையில் பெற்ற மதிப்பெண்ணைக் காட்டி "இவரால் எதையும் முடிவுசெய்ய முடியாது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மதிப்பெண் நோயின் போக்கை அறிய உதவும். முடிவெடுக்கும் திறனுக்கு அதுவே தீர்ப்பு ஆகாது.

மருத்துவமனையில் நடந்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. மூத்த மகன் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நம் சமூகத்தில் பலரும் நம்புகிறார்கள். உறவுமுறை மட்டுமே ஒருவருக்குச் சட்டப்படி முடிவெடுக்கும் அதிகாரத்தைத் தந்துவிடாது. உங்கள் அப்பாவுக்குத் திறன் இருக்கும்வரை, சிகிச்சைக்கு அவருடைய சம்மதமே சம்மதம். அடுத்த முறை செல்லும்போது, பதிவு முகப்பிலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அவர் தெளிவாக இருக்கும் காலை நேரத்துக்கு முன்பதிவு செய்யுங்கள். மூக்குக் கண்ணாடியையும், காது கேட்கும் கருவி இருந்தால் அதையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். கேள்வி காதில் விழாததால் பதில் சொல்லாதவரை, புரியாதவர் என்று எழுதிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவர் உங்களைப் பார்த்துப் பேசத் தொடங்கினால், "அப்பாவிடமே கேளுங்கள் டாக்டர், நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று பணிவாகச் சொல்லி, உங்கள் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொள்ளுங்கள்.

தோ பாயோ வாசகி எழுதுகிறார்:

என் கணவருக்கு நோய் நடுக்கட்டத்தைத் தாண்டிவிட்டது. மேலே ஐயா எழுதிய சட்டக் கருத்துகள் அனைத்தும் சரி. ஆனால் அண்ணனின் பயத்தையும் நாம் மதிக்க வேண்டும். வெளியே போன மனிதர் இருட்டிய பிறகும் வீடு திரும்பாதபோது, பராமரிப்பவர் மனம் படும் பாட்டைச் சட்டப் பிரிவுகள் ஆற்றிவிடாது. பயம் நியாயமானது, அந்தப் பயத்துக்காக மனிதரைப் பூட்டிவைப்பதுதான் தவறு. ஆபத்தை மட்டும் தனியே பிரித்துக் குறைக்க வழி இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும்.

பண விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். என் கணவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே, அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒரு மோசடிக்காரன் தொலைபேசியில் அழைத்து வங்கி விவரங்களைக் கேட்டான். அதன் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து வங்கிக்குப் போனோம். அன்றாட எடுப்பு வரம்பைக் குறைத்தோம். 2023 நவம்பரிலிருந்து இங்குள்ள வங்கிகள் சேமிப்பின் ஒரு பகுதியை இணையம் வழியாக எடுக்க முடியாதபடி பூட்டிவைக்கும் வசதியைத் தருகின்றன. மத்திய சேம நிதி (மசேநி) கணக்கிலும் அப்படிப்பட்ட பூட்டு உண்டு. எவ்வளவு பூட்ட வேண்டும், மாதச் செலவுக்கு எவ்வளவு வெளியே இருக்க வேண்டும் என்பதை அவரே சொன்னார், அவரே கையெழுத்திட்டார். சந்தேகமான அழைப்பு வந்தால் 1799 என்ற எண்ணில் கேட்கலாம் என்று தொலைபேசிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம். அவருடைய பணப்பை அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. ஒரு மனிதரிடமிருந்து பணப்பையை வாங்கி வைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய அவமானம் என்பதை, வாங்குகிறவர்கள் உணர்வதில்லை.

உங்கள் அப்பா அனுப்பும் 300 வெள்ளியை மாதந்தோறும் தானாகவே போய்ச்சேரும்படி ஏற்பாடு செய்யலாமா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். ஒரே மாதத்தில் இரண்டு முறை அனுப்பிவிடும் ஆபத்து அதனால் நீங்கும். அவருக்கு அது பிடிக்காமல், சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பும் கடைக்குத் தாமே சென்று அனுப்பினால்தான் மனம் நிறையும் என்றால், ரசீதுகளை ஒரு கோப்பில் அவரே தேதி வாரியாக அடுக்கி வைக்கட்டும்.

கோயில் பயணத்துக்கு, டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பின் 'காரா' செயலியில் அவரைப் பதிந்துவைக்கலாம். வழி தவறினால் குடும்பத்தாருடன் சேர்த்துவைக்க அதில் ஏற்பாடு உண்டு. முதலில் சில வாரங்கள் நீங்களோ பணிப்பெண்ணோ அதே பேருந்தில் சற்றுத் தள்ளி அமர்ந்து, எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று கவனியுங்கள்; ஆனால் அவருக்குத் தெரிவித்துவிட்டுச் செய்யுங்கள், ஒளிந்து பின்தொடர வேண்டாம். இறங்கும் நிறுத்தத்தில் மட்டும்தான் தடுமாறுகிறார் என்று தெரிந்தால், அந்த ஒன்றுக்கு மட்டும் வழி தேடினால் போதும்.

நோய் முற்றிய பிறகும் முடிவுகள் தீர்ந்துபோவதில்லை. இன்றைக்கு என் கணவரிடம் "என்ன உடுத்துகிறீர்கள்?" என்று கேட்டால் அவருக்குப் பதற்றம் வந்துவிடும். நீலச் சட்டையையும் வெள்ளைச் சட்டையையும் கையில் எடுத்து அவர் முன்னால் பிடித்துக்கொண்டு, பேசாமல் காத்திருப்பேன். சில நேரம் வெகுநேரம் ஆகும். பிறகு ஒரு விரலால் துணியைத் தொடுவார். தீபாவளியன்று நான் காட்டிய இரண்டையும் தள்ளிவிட்டு, அலமாரிப் பக்கம் திரும்பிப் பட்டு வேட்டியைப் பார்த்தார். அதைத்தான் உடுத்திவிட்டேன்.

சட்ட உதவித் தொண்டூழியர் எழுதுகிறார்:

நான் வழக்கறிஞர். இங்கு எழுதுவது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் குடும்பத்துக்கான ஆலோசனையை நேரில் பெறுங்கள்.

உங்கள் கேள்வியில் என் கவனத்தை ஈர்த்தது, நீடித்த அதிகாரப் பத்திரம் இன்னும் செய்யப்படவில்லை என்ற வரிதான். டிமென்ஷியா என்று கண்டறியப்பட்டுவிட்டதால் காலம் கடந்துவிட்டது என்று நினைத்துப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அப்படியில்லை. பத்திரத்தின் பொருளையும் விளைவையும் அவர் புரிந்துகொண்டு, யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் செய்கிறார் என்று சான்றளிப்பவர் நிறைவடைந்தால், இப்போதும் செய்யலாம். சான்றளிப்பவர் அதற்கென அங்கீகாரம் பெற்ற மருத்துவராகவோ, மனநல மருத்துவராகவோ, தொழில் புரியும் வழக்கறிஞராகவோ இருப்பார். தமிழ் பேசும் ஒருவரைத் தேடிப் போவது நல்லது. அப்பாவிடம் தனியாகப் பேச வேண்டும், நீங்கள் வெளியே இருங்கள் என்று அவர் கேட்டால் மனம் கோணாதீர்கள். அப்பாவின் பாதுகாப்புக்காகத்தான் அப்படிக் கேட்கிறார்.

அப்பா தேர்ந்தெடுப்பவரே நியமனம் பெறுவார். மகன், மகள் இருவரையும் நியமித்து, இருவரும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்றும் சொல்லலாம். தனித்தனியாகவும் முடிவெடுக்கலாம் என்றும் சொல்லலாம். அன்றாடப் பராமரிப்பை ஒருவரிடமும் சொத்து விவகாரங்களை வேறொருவரிடமும் ஒப்படைக்கலாம். நீதிமன்ற அனுமதியின்றித் தம் வீட்டை விற்கக்கூடாது என்று கட்டுப்பாடு விதிக்கலாம். அந்தப் படிவத்தின் ஒவ்வொரு பெட்டியும் அவர் எடுக்க வேண்டிய ஒரு முடிவு. பிள்ளைகள் நிரப்பிக் கொண்டுபோய்க் கையெழுத்து மட்டும் வாங்குவது அந்த ஆவணத்தின் நோக்கத்தையே கெடுத்துவிடும். பத்திரம் பதிவானதும் உங்கள் அண்ணன் வங்கி அட்டையை வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணிவிடக் கூடாது. அப்பா முடிவெடுக்கும் திறனை இழந்த விஷயங்களில்தான் நியமனம் பெற்றவரின் அதிகாரம் செயலுக்கு வரும். அப்போதும் அப்பாவின் கடந்தகால விருப்பங்களையும், இப்போதைய உணர்வுகளையும், அவர் போற்றிய நம்பிக்கைகளையும் கருத்தில் கொள்ள வேண்டும். இயன்றவரை அவரையும் முடிவில் பங்கேற்க வைக்க வேண்டும். அத்தைக்கான 300 வெள்ளியை இப்போதே எழுத்தில் பதிந்துவைப்பது அதனால்தான் முக்கியம்.

நியமனம் பெற்றவர்கூடத் தொட முடியாத முடிவுகளும் உண்டு. திருமணத்துக்குச் சம்மதிப்பது, ஒரு சமயத்தை ஏற்பது அல்லது துறப்பது, உயில் எழுதுவது, மசேநி நியமனம் செய்வது (தம் மறைவுக்குப் பின் அந்தச் சேமிப்பு யாருக்கு என்று குறிப்பிடுவது) ஆகியவற்றை அவருக்காக வேறு எவரும் செய்ய இயலாது. பத்திரம் இல்லாமலேயே அப்பா திறனை இழந்துவிட்டால், குடும்பத்தார் நீதிமன்றத்துக்குச் சென்று பிரதிநிதியாக நியமிக்கும்படி விண்ணப்பிக்க நேரிடும். அதற்குச் செலவும் காலமும் ஆகும். எல்லாவற்றுக்கும் மேலாக, யார் என்ற தேர்வு அப்பாவின் கையை விட்டுப் போய்விடும்.

குடும்பத்துக்குள்ளேயே அழுத்தம் இருக்கும்போது திறனை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்வி, 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்தது. ஒருவரின் மூளைத்திறனை வெற்றிடத்தில் வைத்துப் பார்க்காமல், அவர் வாழும் சூழலில் அவருக்கு உதவி கிடைக்கிறதா, அல்லது யாரேனும் அவரை ஆட்டிவைக்கிறார்களா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற நிலைப்பாட்டை நீதிமன்றம் எடுத்தது. உதவி என்ற பெயரில் நம் விருப்பத்தை அவர் வாயால் சொல்லவைப்பதும் அழுத்தம்தான். அண்ணனுக்குச் சொல்வதை உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். உடற்குறையுள்ளோர் உரிமைகள் குறித்த ஐக்கிய நாட்டு உடன்படிக்கையைச் சிங்கப்பூர் 2013இல் உறுதிசெய்தது. அதன் 12ஆம் பிரிவு, முடிவெடுக்கத் தேவையான ஆதரவு கிடைக்கச் செய்வதை அரசுகளின் கடமையாக்குகிறது. அயர்லாந்தில் 2023 ஏப்ரலில் நடப்புக்கு வந்த சட்டத்தின்படி, ஒருவர் தமக்கு உதவ ஒருவரை முறையாக நியமித்துக்கொண்டு, முடிவைத் தாமே எடுக்கலாம். இணைந்து முடிவெடுக்கும் ஒப்பந்தமும் செய்யலாம். நம் சட்டத்தில் அப்படி ஓர் ஆவணம் கிடையாது. உதவ வேண்டும் என்ற கொள்கை இருக்கிறது. உதவுபவருக்கு வங்கியிலோ மருத்துவமனையிலோ காட்ட ஒரு தாள் இல்லை. அது வர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதுவரை, முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம் ஒன்றைச் செய்துவைக்கலாம். எப்படிப்பட்ட பராமரிப்பு வேண்டும், தம் சார்பில் யார் பேச வேண்டும் என்பதை அப்பா அதில் பதியலாம். சட்டப்படி கட்டுப்படுத்தாது என்றாலும், மருத்துவக் குழுவுக்கு அது நல்ல வழிகாட்டி.

மறதிநோயுடன் வாழும் ஒருவர் எழுதுகிறார்:

மகளே, நான் சொல்வதை என் மனைவி தட்டச்சு செய்கிறார். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லித் திருத்தியிருக்கிறேன். எனக்கு 69 வயது. நோய் இருப்பது தெரிந்து சில ஆண்டுகள் ஆகின்றன.

மனநலக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி, இந்நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.8 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருக்கிறது. நாங்கள் சிறு கூட்டம் இல்லை. ஆனாலும் நோயின் பெயரைச் சொன்ன மறுநிமிடமே, எதிரில் இருப்பவரின் கண் என்னை விட்டு என் மனைவியிடம் போய்விடுகிறது. உங்கள் அப்பா கண் விஷயத்தில் சொன்னதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

எனக்கு உதவுவது எது என்று சொல்கிறேன். கேள்வியைக் கேட்டுவிட்டு நேரம் கொடுங்கள். நான் வார்த்தையைத் தேடும்போது நீங்கள் எடுத்துக் கொடுத்தால், என் நினைப்பும் அதோடு அறுந்துவிடுகிறது. ஒரே நேரத்தில் இருவர் பேச வேண்டாம். தொலைக்காட்சியை அணையுங்கள். மாலைக்கு மேல் முக்கியமான எதையும் கேட்காதீர்கள். அப்போது நான் சொல்லும் "சரி", தொந்தரவு தீரட்டும் என்பதற்காகச் சொல்லும் "சரி".

டிமென்ஷியா சிங்கப்பூர் நடத்தும் 'வாய்சஸ் ஃபார் ஹோப்' என்ற திட்டத்தில், எங்களைப் போன்றவர்கள் எங்கள் கதையை நாங்களே எடுத்துச் சொல்லப் பழகுகிறோம். உங்கள் அப்பாவுக்குப் பேசப் பிடிக்கும் என்று தெரிகிறது. அழைத்துச் செல்வதற்கு முன்னால், போகலாமா என்று அவரிடம் கேளுங்கள்.

ஈசூன் மகள் மீண்டும்:

எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "இவர் சரியாகச் சொல்கிறார்" என்றார். அண்ணனும் இவற்றைப் படித்தார். வங்கிப் பூட்டு யோசனையை ஏற்றுக்கொண்டார்; அட்டையைக் கேட்பதை இப்போதைக்கு விட்டுவிட்டார். ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்கிறார்: கண் சிகிச்சை வேண்டும் என்று காலையில் சொல்லும் அப்பா, அதைப் பற்றிப் பேசியதையே மாலையில் மறந்துவிடுகிறார். மறந்துபோன ஒன்றை எப்படி முடிவு என்று கொள்வது? இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற மருத்துவ சமூகப் பணியாளர்:

அண்ணனின் கேள்வி நியாயமானது; அதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. விவரத்தைக் குறுகிய நேரம் மட்டுமே நினைவில் வைத்திருக்க முடிகிறது என்பதால் ஒருவரை முடிவெடுக்க முடியாதவர் என்று கருதக்கூடாது என்று ஐந்தாம் பிரிவு கூறுகிறது. சீர்தூக்கி முடிவு சொல்லும்வரை நினைவில் நின்றால் போதும்.

அதோடு, ஒரே நாளில் கேட்டு முடித்துவிடாதீர்கள். வெவ்வேறு நாள்களில், காலை வேளையில், புதிதாகக் கேட்பதுபோலவே விவரத்தைச் சொல்லிக் கேளுங்கள். "நேற்று என்ன சொன்னீர்கள், நினைவிருக்கிறதா?" என்று சோதிக்க வேண்டாம். அவர் சொல்லும் பதிலையும் காரணத்தையும் அவருடைய சொற்களிலேயே ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி, அவரே கையெழுத்திடட்டும். பேசியது மறந்தாலும், ஒவ்வொரு முறையும் அதே காரணத்துக்காக அதே முடிவுக்கு வருகிறார் என்றால், அது அவருடைய உறுதியான விருப்பம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. பதில் மாறிக்கொண்டே இருந்தால், அதையும் மறைக்காமல் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, மாத்திரை மாற்றம், தூக்கமின்மை போன்றவையும் தெளிவைக் குலைக்கும், அவை சரிசெய்யக்கூடியவை. கண் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தக் குறிப்பேடு அப்பாவின் கையில் இருக்கட்டும். அண்ணனும் உடன் வரட்டும்.